சார்ஜ் ஏறாத புல்லட்

சசிகலா புல்லட்டைத் தள்ளிக்கொண்டு வந்த வேகத்தைப் பார்த்து, பட்டறை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். சந்தைமேட்டில் நின்றுபோன வண்டியைக் காரிமங்கலம் கடைவீதி முழுக்கத் தனியாகத் தள்ளி வந்திருந்தாள். சுடிதாருக்கு மேல் போட்டிருந்த காக்கிச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. ஸ்டாண்டைக் காலால் உதைத்து இறக்கி, வண்டியைப் பின்னால் இழுத்து நிறுத்தினாள்.

“பாய், இன்னிக்கு இதுக்கு என்ன கோளாறுன்னு தெரியாம நான் போகமாட்டன். நீங்களும் வேற வண்டியத் தொடக் கூடாது.”

அக்பர் அலி கையிலிருந்த ஸ்பேனரைத் தட்டில் போட்டார். “மறுபடியும் நின்னுபோச்சா?”

“மறுபடியும்னு எங்கிட்டயே கேக்கறீங்களா? பேட்டரி புதுசு போட்டீங்க. நின்னுது. ரெகுலேட்டர் புதுசு மாத்துனீங்க. நின்னுது. போன வாரம் ரோட்டுல நின்னதுல ஒரு மாடு செத்துப்போச்சு, தெரியுமில்ல உங்களுக்கு?”

தெரியும். ஊருக்கே தெரிந்திருந்தது.

சசிகலா மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவள். டாக்டருக்குப் படிக்கவில்லை, பயிற்சி முடித்து, தனியாகத் தொழில் செய்கிறாள். ஆனாலும் சுற்றுப்பட்டில் எல்லோருக்கும் அவள் டாக்டரம்மாதான். ஊசிக்கான உறைவிந்துக் குச்சிகள் கெட்டுப்போகாமலிருக்க திரவ நைட்ரஜன் நிரப்பிய அலுமினியக் கேன் ஒன்றை எப்போதும் கூடவே தூக்கிக்கொண்டு போக வேண்டும். முன்பு வைத்திருந்த மொபெட் அந்தக் கேனின் கனத்தைத் தாங்காமல் கல்லுப் பாதையில் இரண்டு தடவை முறிந்தது. அதன்பிறகுதான் பாலக்கோட்டில் ஒருவர் கொட்டகையில் போட்டு வைத்திருந்த இந்தப் பழைய புல்லட்டை வாங்கினாள். அவளைவிட வயதான வண்டி. பக்கவாட்டில் கேனுக்கு ஒரு கூண்டு வைத்துக் கட்டினாள். ஆறு வருஷமாக மழையிலும் வெயிலிலும் அது அவளை எங்கேயும் கைவிட்டதில்லை, போன மாதம் வரைக்கும்.

போன வாரம் விடிந்தும் விடியாத நேரத்தில் புளியமரத்துக்கொட்டாய் குக்கிராமத்திலிருந்து குள்ளம்மாள் போன் பண்ணினாள். கன்று ஈனுகிற மாடு தவிக்கிறது, கன்றின் ஒரு கால் மட்டும் வெளியே வந்து நிற்கிறது என்றாள். கன்று மடங்கிக் கிடக்கிறது, இழுக்க வேண்டாம், நான் வந்து உள்ளே தள்ளித் திருப்பி எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு சசிகலா கிளம்பினாள். பாதி வழியில், ஏரிக்கரை மேட்டில், என்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. ஹார்னை அழுத்தினால் சத்தமே இல்லை. பேட்டரி சுத்தமாக இறங்கியிருந்தது. அவள் ஒரு பால் வண்டியை நிறுத்தி ஏறிப் போய்ச் சேர்வதற்குள், பொறுக்க மாட்டாமல் நாலு பேர் கயிறு கட்டி இழுத்திருந்தார்கள். கன்று பிழைத்தது. கர்ப்பப்பை வெளியே தள்ளி, ரத்தம் நிற்காமல் போய், மாடு அவள் கையை வைத்தபோதே கண்ணை மூடியது.

குள்ளம்மாள் அழவில்லை. “வர்றன் வர்றன்னு சொல்லி என் மாட்டக் கொன்னுட்டியேடி,” என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். அன்றிலிருந்து அந்த ஊரிலிருந்து சசிகலாவுக்கு ஒரு போன்கூட வரவில்லை.

அதை நினைத்தபடியே சசிகலா புல்லட் சீட்டின் மேல் ஓங்கித் தட்டினாள்.

“என் மேல கோவப்படு, சரி,” என்றார் அக்பர் அலி. அவருக்கும் குரல் ஏறிவிட்டது. “ஆனா நானும் இருவத்தஞ்சு வருஷமா புல்லட்டு பாக்கறவன். அக்பர் பாய்கிட்ட விட்டா வண்டி தேறாதுன்னு சந்தையில பேசறானுங்க. எனக்கு மட்டும் எரியாதா? ரெகுலேட்டர்தான் வீக்கா இருக்கும். இன்னொண்ணு மாத்திப் பாக்கலாம்.”

“மாத்திப் பாக்கறதெல்லாம் போதும் பாய். மாத்தாம பாருங்க. கரண்ட் எங்க உற்பத்தி ஆவுதோ அங்கருந்து ஒவ்வொரு எடமா பாத்துக்கிட்டு வாங்க. எங்க நிக்குதோ அங்கதான் கோளாறு. மாட்டுக்குக் காய்ச்சல்னா நான் மாட்டையா மாத்தறன்?”

அக்பர் அலி அவளை முறைத்தார். பிறகு உள்ளே போய், சார்ஜ் போட்டு வைத்திருந்த தன் பேட்டரியையும் மீட்டரையும் எடுத்து வந்தார்.

பேட்டரியை மாட்டி, மீட்டரின் இரண்டு முனைகளையும் அதில் வைத்தார். பன்னிரண்டரை வோல்ட் காட்டியது. கிக்கரை ஒரே உதை. புல்லட் தடதடவென்று பிடித்துக்கொண்டது. ஆக்சிலேட்டரை முறுக்கினார். வண்டி உறுமியதே தவிர மீட்டரில் எண் ஏறவில்லை. பன்னிரண்டு புள்ளி நாலு, மூணு என்று இறங்கியது.

“பதினாலுக்குப் போகணும் இது,” என்றார். “பேட்டரி தின்னுக்கிட்டே இருக்குது, உள்ள ஒண்ணும் வரல.”

“அது எனக்கும் தெரியுதுங்க. ஏன் வரல?”

அவர் என்ஜினிலிருந்து, பேட்டரிக்கு ஏறும் கரண்டை அளந்து விடுகிற ரெகுலேட்டருக்குப் போகிற இரண்டு ஒயர்களையும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கினார். பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றை அந்த ஒயர்களில் கோர்த்தார். ரெகுலேட்டரோ பேட்டரியோ இப்போது நடுவில் இல்லை; என்ஜினுக்குள் சுற்றுகிற காந்தம் கரண்ட் உண்டாக்கினால் பல்பு எரிந்தே ஆக வேண்டும். முறுக்கினார். சத்தம் பட்டறைத் தகரத்தை அதிரவைத்தது. பல்பு மினுக்கக்கூட இல்லை.

அக்பர் அலியின் முகம் மாறியது. என்ஜினை அணைத்துவிட்டு மீட்டரை அதே ஒயர்களில் வைத்தார். ஒயர் உள்ளே முழுசாக இருந்தால் மீட்டர் பீப் என்று கத்த வேண்டும். கத்தவில்லை. ஒரு முனையை ஒயரிலும் இன்னொன்றை என்ஜின் உடம்பிலும் வைத்தார். அப்போதும் சத்தமில்லை.

“பாடியில அடிக்கல. செம்புக் கம்பி சுத்துன காயில் கருகியிருந்தா பாடியில அடிக்கும். இது உள்ள எங்கியோ கட்டாயிருக்குது.” அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “ரெகுலேட்டர் மேல தப்பே இல்ல. நான் பாக்காமயே மாத்திட்டன்.”

“மாத்திட்டீங்க,” என்றாள் சசிகலா. அதற்கு மேல் அவரைத் திட்ட அவளுக்கு நேரமில்லை. “தொறங்க.”

இடது பக்கம் கால் வைக்கிற கம்பியையும் பிரேக் பெடலையும் கழற்றினார். அந்தப் பக்கத்து மூடியைப் பிடித்திருப்பது நடுவில் இருக்கும் ஒரே ஒரு நட்டுதான். அதைத் திருகும்போதே அவர் கை நின்றது.

“இத யாரு தொறந்தது?”

“நீங்கதான் தொறந்திருப்பீங்க.”

“அல்லா மேல சத்தியமா இந்தப் பக்கம் நான் கையே வெக்கல. பாரு, நட்டு மூலையெல்லாம் மழுங்கியிருக்குது. சரியான ஸ்பேனர் இல்லாம யாரோ கட்டிங் பிளேயர் போட்டுத் திருகியிருக்கான்.”

மூடியைத் தட்டி எடுத்தார். கருத்த ஆயில் தட்டில் கொட்டியது. மூடியைச் சுற்றிப் போகிற ரப்பர் வளையம் ஒரு இடத்தில் முறுக்கிக்கொண்டு நசுங்கியிருந்தது. சசிகலாவுக்கு ஒரு மாதமாக வீட்டுக் கொட்டகைத் தரையில் பார்த்த ஆயில் சொட்டு ஞாபகம் வந்தது. பழைய வண்டி, ஒழுகத்தானே செய்யும் என்று விட்டிருந்தாள்.

காந்தம் நன்றாக இருந்தது. அதைச் சுற்றியிருந்த காயிலும் கருகாமல் இருந்தது. காயிலிலிருந்து வெளியே போகிற ஒயரில் ஓர் இடத்தில் மஞ்சள் நிறத்தில் சின்னக் குழாய் போல ஒரு துணி உறை. அதன் இரண்டு பக்கமும் வெள்ளை நூலால் கட்டியிருந்தது. அக்பர் அலி பிளேடால் அந்த உறையைக் கீறினார். உள்ளே ஒயரின் இரண்டு முனைகளும் விரல் அகலத்துக்கு விலகி நின்றன.

“தேஞ்சு அறுந்ததில்லம்மா இது. தேஞ்சிருந்தா பிசிறு பிசிறா நிக்கும். பாரு, மட்டமா நறுக்கியிருக்குது. நறுக்கிட்டு, தெரியாம இருக்க மேல ஸ்லீவு மாட்டி...”

 சசிகலா அந்த மஞ்சள் உறையைக் கையில் எடுத்து, நூல் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுருக்குப் போட்டு, மறுபடி ஒரு சுற்று சுற்றி, உள்ளே இழுத்துவிட்ட முடிச்சு. அந்த முடிச்சை அவளுக்கும் போடத் தெரியும். பள்ளிக்கூட விடுமுறையில் அண்ணன் கடையில் உட்கார்ந்து கிணற்று மோட்டார் காயில்களுக்கு அதே வெள்ளை நூலால் அதே முடிச்சை ஆயிரம் தடவை போட்டிருக்கிறாள்.

“எங்கண்ணன்,” என்றாள்.

அக்பர் அலிக்கு ராஜாமணியைத் தெரியும். பஸ் ஸ்டாண்டு ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். சசிகலா வீடும் அவர் வீடும் ஒரே வாசல். வண்டி நிற்கும் கொட்டகையும் பொதுவானது. சசிகலாவின் கணவர் லாரியில் போனால் திரும்ப வாரக்கணக்காகும். அதனால் அந்த வாசலில் ராஜாமணி வைத்ததுதான் சட்டம்.

மாடு செத்த அன்று சாயங்காலம் ராஜாமணி அவள் வீட்டுக்கு வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, “பழைய வண்டிய நம்புனா இப்படித்தாம்மா ஆவும். பேசாம கொட்டாயில போட்டுட்டு வூட்டோட இரு,” என்று ஆறுதல் சொன்னார். அவள் அழுதுகொண்டே தலையாட்டியிருந்தாள். அந்தத் தலையாட்டல்தான் இப்போது அவளை எரித்தது.

“நானும் வர்றன், வா. என் பேரையும் சேத்துத்தான் கெடுத்திருக்கான்,” என்று அக்பர் அலி கையைத் துடைத்தார்.

“வேண்டாம் பாய். ஒயர ஒட்டிக் குடுங்க. நான் வண்டியிலதான் போகணும்.”

ஒயர் முனைகளை ஈயம் வைத்து ஒட்டி, மூடி, புது ஆயில் ஊற்றினார். கிக்கரை உதைத்ததும் மீட்டர் பதிமூன்றைத் தாண்டி பதினாலில் போய் நின்றது. ஒரு மாதமாக அவள் பார்க்கத் தவித்த எண். அவளுக்குக் கொஞ்சம்கூடச் சந்தோஷம் வரவில்லை. மஞ்சள் உறையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

ராஜாமணியின் கடையில் அவர் மகள் பிரியதர்ஷினி மதியச் சாப்பாடு கொண்டுவந்து நின்றிருந்தாள். அவளை மாரண்டஹள்ளியில் ஒரு குடும்பத்துக்குப் பேசி முடித்திருந்தார்கள். நிச்சயம் அடுத்த மாதம். புல்லட் சத்தம் கேட்டதும் ராஜாமணி நிமிர்ந்தார். சத்தம் கேட்டதில் அவருக்கு இருந்த ஆச்சரியத்தை சசிகலா கவனித்தாள்.

அவள் உறையை மேஜைமேல் போட்டாள். “இது உங்களுதா, பாருங்க.”

“என்னது இது?”

“என் வண்டிக்குள்ள இருந்துது.”

“கண்ட கடையிலயும் இந்த ஸ்லீவு கெடைக்கும்.”

“முடிச்சு கெடைக்காதுண்ணா.”

ராஜாமணி எழுந்து கடை வாசலைப் பார்த்தார். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “மெதுவா பேசு. வூட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்.”

“இங்கதான் பேசணும். எதுக்கு அறுத்தீங்க?”

 அவருக்கும் கோபம் வந்தது. மாட்டிக்கொண்டவனுக்கு வருகிற கோபம். “ஆமா, அறுத்தன். என்ன இப்ப? பொண்ணு பாத்துட்டுப் போயிருக்காங்க. பொண்ணோட அத்தை சட்டையப் போட்டுக்கிட்டு, புல்லட்டுல மாட்டு ஊசியத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா சுத்துறான்னு நாளைக்கு அவங்க கேட்டா நான் என்ன பதில் சொல்றது?”

“கேட்டாங்களா?”

“கேப்பாங்க.”

“கேட்டாங்களான்னு கேக்கறன்.”



“யாரும் கேக்கல,” என்றாள் பிரியதர்ஷினி. சாப்பாட்டுக் கேரியரை அவள் கீழே வைத்திருக்கவே இல்லை. “அவரு எங்கிட்ட போன்ல பேசறப்ப, உங்க அத்தை வண்டிய ஒரு நாள் ஓட்டிப் பாக்கலாமான்னுதாம்ப்பா கேட்டாரு. நீங்களா நெனச்சுக்கிட்டு இந்த வேல பண்ணியிருக்கீங்க. அதுவும் என் பேரச் சொல்லி.”

“நீ சும்மா இரு. ரெண்டு மாசம் நின்னா போதும்னுதாம்மா சசி நெனச்சன். நிச்சயம் முடிஞ்சதும் நானே ஒட்டிக் குடுத்துடலாம்னு...”

“மாடு செத்ததுக்கப்பறம்?” சசிகலாவின் குரல் உடைந்தது, ஆனால் அவள் அழவில்லை. “அன்னிக்கே ஒட்டியிருக்கலாமில்ல? என் பக்கத்துல உக்காந்து ஆறுதல் சொன்னீங்களே, எப்படிண்ணா சொல்ல முடிஞ்சுது? ஊரே என்னைக் கொலகாரி மாதிரி பாக்குது. எங்கையில அந்த மாடு செத்துச்சு. நான் என்னையத்தான் திட்டிக்கிட்டிருந்தன் இத்தன நாளா!”

அவள் வாசலில் நின்ற புல்லட்டைக் காட்டினாள்.

“வண்டியில ஏறுங்க.”

“எங்க?”

“குள்ளம்மாக்கா வூட்டுக்கு. எங்கிட்ட சொன்னத அங்க வந்து சொல்லுங்க.”

“விளையாடறியா? கடைய விட்டுட்டு, உம் பின்னால உக்காந்துக்கிட்டு... எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். இல்லன்னா நிச்சயத்தன்னிக்கு மாப்பிள்ளை வூட்டுக்காரங்க எல்லார் முன்னாலயும் நான் சொல்லிடுவன். எது வேணும், சொல்லுங்க.”

அண்ணன் நகரவில்லை. பிரியதர்ஷினி கேரியரை மேஜைமேல் வைத்தாள். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து வெளியே வந்து, கடை ஷட்டரைப் பாதி இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். “வெளிய வாங்கப்பா. பூட்டணும்.”

கடைவீதி வழியாக சசிகலா வண்டியை மெதுவாகவே ஓட்டினாள். பின்னால் உட்கார்ந்திருந்த ராஜாமணி சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார். தெரிந்தவர்கள் கை காட்டியபோது அவர் வேறு பக்கம் பார்த்தார். ஏரிக்கரை மேட்டை வண்டி ஒரே மூச்சில் ஏறியது.

குள்ளம்மாள் கொட்டகை நிழலில் உட்கார்ந்து, கடையில் வாங்கிய பாக்கெட் பாலைப் புட்டியில் ஊற்றிக் கன்றுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சசிகலாவைப் பார்த்ததும் முகம் சுண்டியது.

“எதுக்கு வந்த? இதையும் கொல்லவா?”

சசிகலா ஒதுங்கி நின்றாள். “சொல்லுங்கண்ணா.”

ராஜாமணி தரையைப் பார்த்தபடி சொன்னார். முதலில் வண்டியில் ஏதோ கோளாறு என்று ஆரம்பித்தார். சசிகலா, “அப்படியில்ல,” என்றாள். மறுபடி ஆரம்பித்தார். தான்தான் ஒயரை நறுக்கியதாகச் சொன்னார். தங்கச்சிக்குத் தெரியாது என்றார். மாடு சாகும் என்று நினைக்கவில்லை என்றார். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் வேலியோரம் வந்து நின்றிருந்தார்கள்.

குள்ளம்மாள் புட்டியைக் கீழே வைக்கவில்லை. கன்று குடித்து முடிக்கும்வரை பிடித்திருந்தாள். பிறகு எழுந்து அவர் முன்னால் வந்து நின்றாள்.

“ஒரு வாரமா நான் இவ மேல மண்ண வாரித் தூத்திக்கிட்டிருக்கறன். இவ வூடு வெளங்காதுன்னு கோயில்ல போய்ச் சொன்னன். நீ கேட்டுக்கிட்டுத்தான இருந்த? சந்தையில என்னப் பாத்தியே, அப்பக்கூட சொல்லலியே!”

“தப்புத்தாம்மா. என்ன வேணுமோ கேளு, குடுத்துடறன்.”

“என்ன குடுப்ப? என் மாடு பேரச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாக்கும். அதக் குடு பாக்கலாம்!” அவள் கத்திய கத்தலில் கன்று மிரண்டு கயிற்றை இழுத்தது. மூச்சு வாங்க நின்றாள். பிறகு குரலை இறக்கினாள். “உங்க வூட்டுல கறவ மாடு இருக்குதில்ல? பாக்கெட் பால் இதுக்கு ஒத்துக்கல, கழியுது. இது புல்லு திங்கிற வரைக்கும் காலையிலயும் சாயந்திரமும் கறந்த பால் வரணும். வேற ஆளு கையில வரக் கூடாது. நீ கொண்டாரணும்.”

“நானா? கடை இருக்குதே...”

“நீ,” என்றாள் குள்ளம்மாள்.

ராஜாமணி சரியென்று தலையாட்டினார். குள்ளம்மாள் சசிகலாவின் பக்கம் திரும்பினாள். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. “கன்னுக்குத் தொப்புள் வீங்கியிருக்குது. பாத்துட்டுப் போ,” என்றாள். சசிகலா குந்தி உட்கார்ந்து பார்த்தாள். கழுவி, மருந்து வைத்துவிட்டு எழுந்தாள்.

வண்டியைக் கிளப்பியபோது ராஜாமணி பின்னால் வந்து நின்றார்.

“நடந்து வாங்க,” என்று சொல்லிவிட்டு சசிகலா போய்விட்டாள்.

பிரியதர்ஷினிக்காக நிச்சயத்துக்குப் போனாள். காக்கிச் சட்டை போடவில்லை, பட்டுப்புடவை. ஆனால் மாரண்டஹள்ளி மண்டபம் வரைக்கும் புல்லட்டில்தான் போனாள். பந்தியில் மாப்பிள்ளையின் அப்பா எதிரே உட்கார்ந்து, தன் மாடு ஒன்று மூன்று ஊசி போட்டும் சினை நிற்கவில்லை என்று விலாவாரியாக விசாரித்தார். அதைக் கேட்டு, பரிமாறிக்கொண்டிருந்த ராஜாமணி சிரித்தபடி பக்கத்தில் வந்தார்.

“என் தங்கச்சிங்க. இந்தச் சுத்துவட்டாரத்துலயே கைராசிக்காரி. நாங்க எந்தத் தடையும் சொன்னதில்லீங்க, தைரியமாப் போம்மான்னு...”

சசிகலாவுக்குக் காது சூடேறியது. கையிலிருந்த சோற்றை அப்படியே இலையில் வைத்தாள். உண்மை வாய்வரை வந்துவிட்டது. அதற்குள், பந்தியைப் பார்க்க வந்து வாசல்படியில் நின்ற பிரியதர்ஷினி, “அப்பா, போதும்,” என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. ராஜாமணி சாம்பார் வாளியோடு அடுத்த வரிசைக்கு நகர்ந்தார்.

சசிகலா இலையை மூடவில்லை. மாட்டின் வயதையும் தீவனத்தையும் கேட்டாள். திங்கட்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னாள். ரசமும் பாயசமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அண்ணன் மறுபடி அந்த வரிசைக்கு வந்தபோது மட்டும் இலைக்கு மேலே கையைக் குறுக்கே வைத்துக்கொண்டாள்.